96 ஆடுகள்: ஒரு பழிவாங்கும் கதையைத் திருத்திய விவரம்

கதை என் கைக்கு வந்தபோது அதில் ஒன்பது கொலைகள் இருந்தன. இப்போது மூன்று இருக்கின்றன. இடையில் பதினொரு மாதம், மூன்று முழுத் திருத்தம், ஒரு பெரிய சண்டை, அப்புறம் நிறைய ஆடுகள். எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று எழுதிவைக்கச் சொல்லிக் குழுவில் கேட்டார்கள். மாயமும் அடிதடியும் கலந்த கதை எழுதுகிற மற்றவர்களுக்கும் உதவலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் குழு பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. கைபேசியில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற படக்கதைகள் செய்கிறோம். நான் கதை திருத்துகிறவள். எழுதிய தம்பி எண்ணூர்க்காரன். பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, ராத்திரியில் எழுத்து. படம் வரைகிற பெண்ணுக்கு இந்தக் கதையால் என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. காரணம் பின்னால் வரும்.

முதல் படி

கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற எண்ணூர் கழிமுகத்துக்கு அடியில் கீழ்க்கரை என்று ஒரு நகரம். நீர் வற்றுகிற நேரத்தில் மட்டும் அதற்கு இறங்கும் படிக்கட்டு தெரியும். அந்த நகரத்தை ஓர் உப்பரசன் ஆள்கிறான். மேலே உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற ஒரு பெண்தான் நாயகி. அவளுடைய அண்ணனைக் கீழ்க்கரை ஆட்கள் ஒன்பது பேர் சேர்ந்து கொன்று, சாம்பல் ஓடையில் போட்டுவிடுகிறார்கள். அவளுக்குத் திமிங்கல எலும்பில் செய்த ஒரு வளரி, அதாவது பிறை வடிவ எறி ஆயுதம், கிடைக்கிறது. எறிந்தால் கொல்லும், கொன்றால் கைக்குத் திரும்பும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அண்ணனைப் பற்றிய ஒரு நினைவை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 42 அத்தியாயம், ஒன்பது கொலை. கடைசியில் உப்பரசனைக் கொன்றுவிட்டு, யாருக்காகக் கொன்றோம் என்பதே மறந்துபோய், ஏறி வரும் நீரில் அவளும் சாகிறாள்.

இடம் பிரமாதம். அந்தச் சாம்பல் ஓடையைப் பார்த்து வளர்ந்தவன் எழுதியது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சண்டைகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் படிக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஐந்தாவது கொலைக்குப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு, அப்புறம் படிக்கிறேன்” என்றார்கள். திட்டினால்கூடத் திருத்த ஏதாவது கிடைத்திருக்கும்.

முதலில் நானும் தப்பாகத்தான் கணித்தேன். ஒன்பது அதிகம், ஐந்தாகக் குறை என்றேன். குறைத்தான். இப்போது மூன்றாவது கொலைக்குப் பக்கத்தில் கீழே வைத்தார்கள்.

மறதி என்கிற மருந்து

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, விலையில் இருக்கிறது என்று பிடிபட இரண்டு வாரம் ஆனது. நினைவை விலையாகக் கேட்கிற ஆயுதம் இந்த வகைக் கதைகளில் நிறையவே புழங்குகிறது. பழகிய சரக்கு என்பதை விடுங்கள். இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று, அவள் இழக்கிற நினைவுகளை நாம் ஒருபோதும் வைத்திருக்கவே இல்லை. அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு போன திருவிழா, அண்ணன் வாங்கித் தந்த முதல் செருப்பு, எல்லாமே அழிகிற கணத்தில்தான் நமக்கு முதல்முறையாகக் காட்டப்படுகின்றன. பக்கத்து வீட்டில் திருடு போனதைக் கேட்டு அடடா என்போமே, அந்த அளவுதான் வலிக்கும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம். அண்ணன் செத்த துக்கம்தான் அவளைத் தின்கிறது. அண்ணனை மறக்க மறக்கத் துக்கமும் குறைகிறது. அப்படியானால் வளரி அவளிடம் விலை வாங்கவே இல்லை, மருந்து கொடுக்கிறது. கதை முழுக்க அவள் செலவு செய்வதாக எழுத்தாளர் நினைக்கிறார், உண்மையில் அவளுக்கு வரவு.

இதைச் சொன்னபோதுதான் அந்தச் சண்டை. “என்னக்கா பேசுறீங்க, கடைசில அவளே செத்துப் போறா. இதுக்கு மேல என்ன விலை வேணும்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாயகன் சாவதும் கண்ணை இழப்பதும் தனியாளாய் நிற்பதும் பெரிய விலை என்றுதான் நானும் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். ஆனால் இந்தப் பெண் இரண்டாம் அத்தியாயத்திலேயே சாகத் தயாராகத்தானே கிளம்புகிறாள்? தர முடிவு செய்துவிட்ட ஒன்றை 42ஆம் அத்தியாயத்தில் வாங்கிக்கொண்டால் அது எப்படி விலையாகும்? அவள் தரத் தயாராக இல்லாத ஒன்று வேண்டும். அல்லது, தருகிற உரிமையே அவளுக்கு இல்லாத ஒன்று. இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை, கத்தினேன். அவன் பதினைந்து நாள் வரவில்லை.

எழும்பூரில் ஒரு மதியம்

சமாதானம் ஆனது வளரியால். படம் வரைகிற பெண் வளரியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிப்பித்த குறிப்புகளில் வளரியைப் பற்றி ஒரு பகுதி உண்டு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் இரண்டும், புதுக்கோட்டையிலிருந்து மர வளரி ஒன்றும் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருப்பதாக அதில் சொல்கிறார். பிறை வடிவம், ஒரு முனை கனம், வெளி விளிம்பு கூர். கனம் குறைந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்றுச் சுழற்றி, பிறகு எறிய வேண்டும். நாங்கள் அதுவரை கனமான பக்கத்தைப் பிடித்து வரைந்திருந்தோம். பதினேழு படங்கள் போயின.

மூன்று பேருமாக எழும்பூர் போய்விட்டு, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அட்டையில் ஒரு வளரி வெட்டி எறிந்து பார்த்தோம். காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எறிந்து எறிந்து பார்த்ததில் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. காற்றில் போய்த் திரும்புகிற ஆயுதமே ஆனாலும், குறியில் பட்டுவிட்டால் அங்கேயே விழுந்துவிடும். கொன்ற வளரி எப்படித் திரும்பும்?

கதையில் மாயம் இருக்கிறதே, திரும்ப வைக்கலாமே என்றால் வைக்கலாம்தான். ஆனால் திரும்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தோம். அவளிடம் இருப்பது ஒரே ஒரு வளரி. எறிந்து கொன்றால் அதை எடுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். தூரத்தில் நின்று கொல்கிறவளைக் கதை இழுத்துக்கொண்டு போய்ச் செத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும். முதலில் சாகிற எடைக்காரனின் கையில் ஒரு தூக்குவாளி. மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே இரண்டு பங்கு சோறு. இரண்டாவது பங்கு யாருக்கு?

அந்தக் கேள்வி வரும்வரை எடைக்காரனுக்கு வீடு என்று ஒன்று இருக்கலாம் என்றே எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவன் வெறும் எண். ஒன்பதில் ஒன்று.

சிலைக்குக் கீழே

அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். கண்ணகி சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. 2001 டிசம்பரில் எடுத்துவிட்டு 2006 ஜூனில் திரும்ப நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்த பழிவாங்கும் பெண். தம்பியின் நாயகிக்கு இவள்தான் முன்னோடி என்று அவனே முதல் நாள் சொல்லியிருந்தான்.

சிலையை அண்ணாந்து பார்த்தபோது ஒன்று கவனித்தேன். கையில் சிலம்போடு அவள் நிற்பது வழக்குரைக்கிற கணம். பாண்டியன் இன்னும் சாகவில்லை. மதுரை இன்னும் எரியவில்லை. விலை தொடங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சிலையாக்கிவிட்டோம். நமக்குப் பிடித்ததும் அந்த ஒரு நிமிஷம்தான்.

அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்று சிலப்பதிகாரத்தை வைத்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தோம். அரசன் அரியணையிலேயே சாய்கிறான், கோப்பெருந்தேவி கூடவே உயிர்விடுகிறாள். இது எல்லோருக்கும் தெரியும். நகரம் எரியும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே போ என்று தீக்கடவுளுக்கு அவளே உத்தரவு போடுகிறாள். இதுவும் தெரியும். கோபத்திலும் கணக்குத் தவறாதவள் என்று மேடைகளில் பாராட்டுகிற இடம்.

அப்புறம் வஞ்சிக் காண்டம் வருகிறது, பள்ளிக்கூடத்தில் அவ்வளவாகக் கவனிக்காமல் தாண்டிப் போகிற காண்டம். அங்கே கங்கைக் கரையில் மாடலன் என்கிற மறையவன் செங்குட்டுவனிடம் ஒரு பட்டியலே சொல்கிறான். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமல்போன ஆயர்குல மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார். கோவலனின் அப்பா எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட்டுப் பௌத்தத் துறவியரோடு சேர்ந்தார், அம்மா செத்துப்போனாள். கண்ணகியின் அப்பா ஆசீவகரிடம் போனார், அவளுடைய அம்மாவும் சில நாளில் செத்துப்போனாள். மாதவி துறந்தாள், மகளையும் துறவில் விட்டாள். இதில் எனக்கு மிகவும் பிடித்த வரவு, மாடலனே. புகாருக்குச் சேதி கொண்டுபோனவன் அவன். தன் வாயால் கேட்டவர்கள் உயிர்விட்டார்கள் என்பதால் அந்தப் பாவம் தீரத்தான் கங்கையாட வந்திருக்கிறான். சேதி சொன்னவனுக்கும் பங்கு!

“இது பாதி கோவலன் செத்ததுக்கான விலைக்கா. பழிவாங்கினதுக்கு இல்ல” என்று தம்பி குறுக்கிட்டான். சரியான குறுக்கீடு. நான் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அநியாயத்தின் விலை வேறு, அதற்குப் பதில் கொடுத்ததன் விலை வேறு. ஆனால் புகாரில் இருக்கிற அந்த அம்மாவுக்கு இரண்டும் ஒரே சேதியாகத்தானே போய்ச் சேர்கிறது? மகன் போனான், மருமகள் ஊரை எரித்துவிட்டு எங்கோ போய்விட்டாள். அவளால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்?

சுத்தமாகப் பழியின் கணக்கில் மட்டும் சேர்கிற வரி ஒன்று உண்டு, அதைச் சொன்னதும் அவன் சுண்டலைக் கீழே வைத்துவிட்டான். மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, நோய், பஞ்சம். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பத்தினியைச் சாந்தப்படுத்த ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுக்கிறான். சிலம்பைத் திருடியது ஒரே ஒரு பொற்கொல்லன். சாகிறவர்கள் ஆயிரம். அதற்கு அப்புறம் மழை பெய்கிறது என்று வேறு காவியம் சொல்கிறது. கண்ணகி கேட்டாளா? இல்லை. விட்டுவிடு என்று பட்டியல் போட்டவள் அவள். ஆனால் அவள் பெயரில்தான் பலி.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும்போது மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்பைச் சொல்கிறது. கோவலன் அப்போது பரதன். சிங்கபுரத்தில் நகை விற்க வந்த சங்கமன் என்கிற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையிலிருந்து விழுவதற்குமுன் சபித்தாள். ஆக, கண்ணகி இழந்ததே வேறொரு கண்ணகியின் பழி. நகை விற்க வந்த புருஷன், பொய்க் குற்றம், பதினான்கு நாள், எல்லாம் அச்சாக ஒன்றுதான். இவ்வளவு கச்சிதமாக ஒரு சங்கிலியை எந்தச் சண்டைக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

பெரும் செலவைக் கட்டியவர்கள் யாருமே வழக்குமன்றத்தில் இல்லை. அன்று இரவு தம்பி அனுப்பிய செய்தி: “அக்கா, அவ சாகக் கூடாது. சாகாம இருக்கறது யாருன்னு யோசிக்கணும்.”

சாவா மூவா

பழிக்கு விலை வைப்பதற்கு நம் ஊரில் பழைய ஏற்பாடு ஏதாவது உண்டா என்று தேடினோம். வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு தவறிப் பட்டு ஒருவன் செத்துப்போகிறான். எய்தவனைக் கொல்ல வேண்டாம், அவன் கோயிலில் நந்தா விளக்கு வைக்கட்டும் என்று நாட்டார் கூடித் தீர்த்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் இருக்கிறது. அணையாத விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில இடங்களில் 90. மந்தையை மன்றாடி என்கிற ஆட்டிடையர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டியதும் செத்ததும் குட்டிகளால் ஈடாகிவிடும், எண்ணிக்கை குறையவே கூடாது. அதனால் அவற்றுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர்: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள்.

இப்படி விளக்குக்கு ஆடு விட்ட கல்வெட்டுகள் திருவொற்றியூர்க் கோயிலிலேயே உண்டு. எண்ணூரிலிருந்து கூப்பிடு தூரம். தம்பி சின்ன வயதிலிருந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

கணக்குப்பிள்ளை மொழியில் எழுதிய ஒரு சொல்லை அவன் அப்படியே நிஜமாக எடுத்துக்கொண்டான். அங்கேதான் கதை மாறியது. கீழ்க்கரையின் சட்டம் இது: ஒருவனைக் கொன்றால் மறுநாள் அந்தியில் 96 ஆடுகள் கொன்றவரின் வாசலுக்கு வந்து நிற்கும். அவை சாகாது, மூப்படையாது, விற்க முடியாது, விரட்ட முடியாது. தினமும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். அதைக் கோயிலுக்கு இல்லாமல் செத்தவன் வீட்டுக்கு என்று மாற்றினோம். போரில் செத்தவன் குடும்பத்துக்கு விடுகிற நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர் இருந்தது, அந்த யோசனையை இதோடு முடிச்சுப் போட்டோம். வாங்க வருவது எடைக்காரனின் அம்மா. தூக்குவாளியில் இருந்த இரண்டாவது பங்கு அவளுக்குத்தான்.

படிப்பதற்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பதுங்கிப் போய்க் கொல்ல வேண்டிய பெண்ணுக்குப் பின்னால் 96 ஆடு கத்திக்கொண்டு வந்தால் எப்படி? அதற்காகவே அவற்றை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பது யார்? அவளுடைய அம்மா, அப்புறம் செத்த அண்ணனின் மகள், ஒன்பது வயது. உப்பளத்தில் உமரியைத் தவிர என்ன முளைக்கும்? புல்லுக்கு ஆறு மைல் நடக்க வேண்டும். முதல் கொலைக்கு அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்துகிறது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கதையிலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டைப் படங்களின் ஓரத்தில், தூரத்தில், கையில் கோலோடு ஒரு சின்ன உருவம் நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது வாசிப்பில்தான் பலர் அதைக் கவனித்தார்கள்.

அண்ணனுக்காகப் பழிவாங்குகிறாள், அண்ணன் மகளின் வருஷங்களை எடுத்துக் கட்டுகிறாள். அதைக் கட்டுகிற உரிமை அவளுக்கு இல்லை. அன்றைக்கு நான் கத்தினேனே, சொல்லத் தெரியாமல், அது இதுதான்.

அந்திப் படங்கள்தான் இந்தக் கதையின் உயிர் என்று இப்போது நினைக்கிறேன். எடைக்காரனின் அம்மா உழக்கோடு வந்து திண்ணையில் உட்காருவாள். நாயகியின் அம்மா நெய் அளப்பாள். ஒருத்தியின் மகனைக் கொன்றவர்களில் மற்றவளின் மகனும் ஒருவன். அவனைக் கொன்றவள் இவளுடைய மகள். பத்து நாளைக்கு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பதினோராவது நாள் மழை, கிழவியால் திரும்பிப் போக முடியவில்லை. “சாப்பிட்டியா?” என்று கேட்கிறாள் அம்மா. மீன்குழம்பு. முள் எடுத்துக் கொடுக்கிறாள், கிழவிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால். அதே ராத்திரி கீழே நாயகி இரண்டாவது ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறாள், படகுக்காரன். விடிந்து அந்தியானால் 192 ஆடு.

ஒரு நாள் இன்பம்

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் கதை பழிவாங்காதே என்று உபதேசம் பண்ணுவதுபோல ஆகிவிடும் ஆபத்து இருந்தது. இரண்டாவது திருத்தம் அப்படித்தான் ஆகியும்விட்டது. நாயகி முதல் கொலை முடிந்த அடுத்த படத்திலேயே குற்ற உணர்ச்சியில் அழுதாள். படித்தவர்களுக்குக் கடுப்பு. எனக்கும்தான். அண்ணனைக் கொன்று ஓடையில் போட்டவனைக் கொன்றுவிட்டு உடனே ஏன் அழ வேண்டும்?

தம்பி முதல் படியின் முதல் பக்கத்தில் ஒரு குறளைப் போட்டிருந்தான். “ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்” என்று தொடங்குகிற 156ஆவது குறள். பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கிறது என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். இப்போது அதைத் திரும்பப் படித்தபோது வள்ளுவர் ஒரு நாள் இன்பம் இல்லை என்று சொல்லவில்லையே என்று தோன்றியது. ஒரு நாள் உண்டு என்கிறார். அந்த ஒரு நாளைக் குறைக்காமல் கொடுத்துவிட்டால் என்ன?

தம்பியின் அம்மா ஊர் திண்டிவனம் பக்கம். அங்கே திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்து வளர்ந்தவன். தரையில் பெரிய மண் உருவமாகத் துரியோதனன் படுத்திருப்பான். அவன் தொடையைப் பிளந்து அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்தக் கணத்தில் சுற்றி நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பான். சபையில் அவிழ்ந்த கூந்தல் பதினெட்டாம் நாள் முடிகிறது. பாரதத்தில் அதே ராத்திரிதான் அசுவத்தாமன் ஓர் ஆலமரத்தடியில் கிடந்து, தூங்குகிற காக்கைகளை ஆந்தை ஒன்று அடித்துக் கொல்வதைப் பார்க்கிறான். அப்பாவுக்காகப் பழி. பாசறைக்குள் புகுந்து திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் தூக்கத்திலேயே கொல்கிறான். அதோடும் நிற்காமல் உத்தரையின் கருவில் இருக்கிற பரீட்சித்துக்கும் அஸ்திரம் ஏவுகிறான். அந்தப் பரீட்சித்து தட்சகன் கடித்துச் சாக, அவன் மகன் ஜனமேஜயன் பாம்புகளையெல்லாம் தீயில் போடக் கிளம்புகிறான். பாரதக் கதை முழுவதும் சொல்லப்படுவதே அந்த வேள்விப் பந்தலில்தான். ஆனாலும் படுகளத்தில் பெண்கள் முகத்தில் வருகிற அந்த வெளிச்சத்தை யாரும் குறைத்துக் காட்டுவதில்லை.

எனவே மூன்றாவது திருத்தத்தில் ஒரு முழு அத்தியாயம் சேர்த்தோம், அதில் சண்டையே கிடையாது. முதல் கொலைக்கு அடுத்த நாள். நாயகி விடியற்காலையில் வந்து படுத்து, அண்ணன் செத்த பிறகு முதல்முறையாக மதியம்வரை தூங்குகிறாள். எழுந்து நண்டு வாங்கி வருகிறாள். அம்மா தலை வாரிவிடுகிறாள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு உப்புக் குவியல்மேல் ஏறிக் கடலைப் பார்க்கிறாள். வெயில், சிரிப்பு, நண்டு ஓடு. படிக்கிறவர்களும் அவளோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும், மனதில் எந்த உறுத்தலும் இல்லாமல். கடைசிப் படத்தில் வெளிச்சம் சாய்கிறது, எங்கிருந்தோ ஒரு மணிச் சத்தம்.

இந்த அத்தியாயத்துக்குப் பிறகு யாரும் கதையைக் கீழே வைக்கவில்லை. ஐந்தை மூன்றாகக் குறைத்ததும் இதற்கு அப்புறம்தான். இப்போது ஒவ்வொரு கொலைக்கும் பின்னால் ஒரு வீடு வருகிறது, அதற்கு இடம் வேண்டும்.

ஒட்டாத இடங்கள்

உப்பரசன் இன்னும் எனக்கு நிறைவாக இல்லை. அவன் சார்பில் நெய் வாங்க வருவது அவனுடைய பத்து வயது மகன். கூடவே இரண்டு காவலர்கள். காட்சி நன்றாக இருந்தாலும் எடைக்காரனின் அம்மா திண்ணையில் உட்காருகிற கனம் அதற்கு இல்லை.

செத்த அண்ணனை உயிரோடு கொண்டுவரலாமா என்றும் ஒரு யோசனை நடுவில் வந்தது. மனுநீதிச் சோழன் கதையில் கன்றும் மகனும் அமைச்சரும் கடைசியில் எழுந்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, பக்திக் கதைக்கு அது பொருந்தும். எங்கள் கதையில் அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை ஆடு மேய்த்த வருஷங்களை யார் திருப்பித் தருவது? வேண்டாம் என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம்.

நாயகி சாகவில்லை. மூன்றாவது கொலைக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவதும் இல்லை. உப்பரசனுக்கு மேலே இன்னொருவன் பெயர் கிடைத்துவிட்டது, கீழே போய்க்கொண்டே இருக்கிறாள். சட்டத்துக்கு அவள் வாசல் இந்த வாசல்தான், அதனால் ஆடுகள் இங்கேயே நிற்கின்றன.

படம் வரைகிற பெண்ணின் கோபத்துக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். 288 ஆடு. ஒன்றை வரைந்து நகலெடுத்து ஒட்டினால் போதும் என்றேன். ஆறு ஆடுகளுக்கு மேல் ஒரே முகமாக இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தாள். மூன்று வாரம்.

கடைசிப் படம் போன மாதம் வந்தது. உப்பளம், அந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அண்ணன் மகள். இப்போது பதினைந்து வயது இருக்கும். திரை முழுக்க ஆடுகள். நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். “எண்ணினீங்களாக்கா?” என்று தம்பியிடமிருந்து பதில் வந்தது. விளையாட்டுக்குத்தான் எண்ண ஆரம்பித்தேன். 300ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டு அவனுக்கே போன் செய்தேன். 384 என்றான்.

இன்னும் 96. யாரைக் கொன்றாள், எப்போது கொன்றாள் என்று கேட்டேன். “அவதான் கொன்னான்னு யார் சொன்னா?” என்றான். அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கி வாசல் பக்கம் பார்த்தேன். திண்ணை காலியாக இருந்தது. உழக்கு படிக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது.